ஆட்டத்திற்கு முன் ஓர் ஆயத்தம்

 

மார்க்க விளக்கங்கள் இடம்பெறும் இப்பகுதியில் இம்மாதம் கால்பந்தைப் பற்றிய பேச்சா என எவரும் வியக்க வேண்டாம். அண்ணலெம் பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடிய வரலாற்றை நாம் அறிவோம். முதல் முறை அன்னையார் வென்றார்கள். பின்னொரு நாள் பெருமானார் வென்றார்கள். உடலைத் துடிப்புடன் பேணுவது நம் மார்க்கத்திற்கு அந்நியமானதன்று. உடலுக்கும் நம்மீது ஹக்கு உண்டு. அந்த ஹக்கை நம் பிள்ளைகள் விளையாட்டு மைதானத்தில் எவ்வாறு நிறைவேற்றுகின்றனர் என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

அஸர் தொழுகை முடிந்ததும் ஊர்தோறும் மைதானங்களில் பிள்ளைகள் பந்துடன் கூடிவிடுகின்றனர். காயல்பட்டணம் போன்ற ஊர்களில் கோடைக் காலக் கால்பந்துப் போட்டி ஊரே திரண்டு வந்து காணும் நிகழ்ச்சியாகும். ஆனால் ஆட்டம் தொடங்கும் முன் நடப்பதைக் கவனியுங்கள். சிலர் செருப்பைக் கழற்றி எறிந்த மறுகணமே முழுவேகத்தில் பந்தைத் துரத்துகின்றனர். வேறு சிலரையோ, 'மைதானத்தைப் பத்துச் சுற்று சுற்றுங்கள்!' என்று பயிற்சியாளர் விரட்டுகிறார். ஆட்டம் தொடங்குவதற்குள் அவர்களுக்கு மூச்சு வாங்குகிறது, கால்கள் தளர்ந்துவிடுகின்றன. ஆயத்தமே இன்மை ஒரு தவறு; அளவு கடந்த ஆயத்தம் மற்றொரு தவறு.

நபிகளார் (ஸல்) காலத்து நிகழ்ச்சி ஒன்றை இங்கே நினைவுகூர்வது பொருத்தமாகும். மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பயிற்சி கொடுத்து இறுக்கப்பட்ட குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை, ஏறத்தாழ ஐந்தாறு மைல் தூரம் ஓடச் செய்தார்கள். அப்பயிற்சி பெறாத குதிரைகளுக்கோ ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஜுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் தூரமே குறித்தார்கள். இதனை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்; அவர்களும் அப்பந்தயத்தில் கலந்துகொண்டவர்களே. குதிரைக்கு முதலில் நன்கு தீனி கொடுத்து, பிறகு தீனியைக் குறைத்து, உடலைப் போர்வையால் மூடி வியர்க்கச் செய்து சதையை இறுக்குவதே அன்றைய பயிற்சி முறை என விரிவுரையாளர்கள் விளக்குவர். அது பல நாள் பயிற்சி; நாம் இங்கே பேசப்போவதோ சில நிமிட ஆயத்தம். எனினும் இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. ஆயத்தத்தின் அளவறிந்தே உடலிடம் வேலை வாங்க வேண்டும். வாயில்லாப் பிராணிக்கே இந்த நீதி என்றால், நம் பிள்ளைகளுக்கு வேண்டாமா?

விளையாட்டு ஆசிரியர்கள் 'வார்ம்-அப்' என்று கூறும் இந்த ஆயத்தப் பயிற்சியினால் உடலுக்குள் நிகழ்வது என்ன? ஓய்வாக இருக்கும்போது தொடைத் தசையின் வெப்பம் ஏறத்தாழ 36 டிகிரி செல்சியஸ் இருக்கும். மிதமான ஓட்டத்தைத் தொடங்கியதும் முதல் ஐந்து நிமிடங்களுக்குள்ளேயே அது விரைந்து ஏறுகிறது. பத்து முதல் இருபது நிமிடங்களில் 38, 39 டிகிரியை எட்டி நிலைகொள்கிறது. சூடேறிய தசை விரைந்து சுருங்கி விரியும். நரம்புகளின் கட்டளை அதனிடம் விரைந்து வந்து சேரும். இரத்தமும் தான் சுமந்து வரும் பிராணவாயுவை அதற்கு எளிதில் விட்டுக்கொடுக்கும். தசையின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால், குறுகிய நேரத்தில் வெளிப்படும் அதன் ஆற்றல் சுமார் 4 சதவிகிதம் கூடுவதாக ஆய்வாளர்கள் அளந்து கண்டுள்ளனர். டென்மார்க்கைச் சேர்ந்த அஸ்முஸ்ஸன், போயே என்னும் இருவர் 1945-ஆம் ஆண்டிலேயே உடல் வெப்பத்திற்கும் வேலைத் திறனுக்கும் உள்ள இத்தொடர்பை ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

ஏறிய சூடு எவ்வளவு நேரம் நிலைக்கும்? பயிற்சியை நிறுத்திய கால்மணி, இருபது நிமிடங்களில் பெரிதும் இறங்கிவிடும். கால்பந்தில் இடைவேளையும் 15 நிமிடமே அல்லவா? அதே டென்மார்க் நாட்டில் மோர், பாங்ஸ்போ முதலிய அறிஞர்கள் கால்பந்து வீரர்களிடம் நடத்திய ஆய்வு 2004-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இடைவேளையில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களின் தசை வெப்பம் ஏறத்தாழ 2 டிகிரி குறைந்தது. அவர்களது ஓட்ட வேகமும் 2.4 சதவிகிதம் தாழ்ந்தது. இடைவேளையின் பிற்பகுதியில் ஏழு நிமிடம் மிதமாக ஓடிப் பயிற்சி செய்தவர்களோ வேகம் குன்றாமல் இரண்டாம் பாதியில் இறங்கினர். 2.4 சதவிகிதம் என்பது அற்பமாகத் தோன்றலாம். 30 மீட்டர் ஓட்டத்தில் அது ஏறக்குறைய முக்கால் மீட்டராகும். பந்து தன் காலில் படுவதும் எதிராளியின் காலில் படுவதும் அந்த முக்கால் மீட்டரில் அல்லவா தீர்மானமாகிறது!

அப்படியானால் தீவிரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பலனும் கூடுமா? கூடாது. நம் தசைகளில் 'கிரியேட்டின் பாஸ்பேட்' என்னும் பொருள் உள்ளது. சட்டென்று பாய்ந்தோடவும் எகிறிக் குதிக்கவும் உதவும் கைச்செலவுப் பணம் போன்றது அது. சில விநாடிகள் முழுவேகத்தில் ஓடினாலே அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஓய்வு கொடுத்தால் மூன்று முதல் ஐந்து நிமிடங்களில் பெரிதும் நிரம்பிவிடும். கடுமையாக ஓடவிட்டு மூச்சுவிடக்கூட அவகாசம் தராமல் ஆட்டத்தைத் தொடங்கினால், சந்தைக்குப் போகும் வழியிலேயே பையைக் காலி செய்தவரின் நிலைதான் பிள்ளைக்கு நேரும்.

ஆகவே தீவிரம் வேண்டும். அது சுருக்கமாக இருத்தல் வேண்டும். அதன்பின் சிறிது இளைப்பாறலும் வேண்டும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணைநிற்கிறது. இருபது நிமிடங்களுக்கு மேல் நீளும் வழக்கமான பயிற்சியை ஒருபுறமும், சிறிய இடத்தில் சிலராக ஆடும் விறுவிறுப்பான குறு ஆட்டங்களையும், பெரும் எடையைக் கால்களால் ஐந்தே முறை தள்ளும் பயிற்சியையும் மறுபுறமும் வைத்து ஒப்பிட்டனர். எதிராளியின் அசைவைக் கண்டு சட்டெனத் திசை திரும்பும் திறனில், சுருக்கமும் தீவிரமும் கொண்ட முறைகளே மேலோங்கின. பத்தே வீரர்களிடம் நடந்த சிறு ஆய்வு இது. எல்லோருக்கும் இதுவே சட்டம் எனக் கொள்ளலாகாது. ஆயினும், நீண்டநேரம் ஓடவிடுவதே நல்ல ஆயத்தம் என்னும் எண்ணத்தை இது அசைத்துவிட்டது. எடை தள்ளும் பயிற்சி தேர்ந்த மேற்பார்வையில் வளர்ந்தோர் செய்வது. நம் பிள்ளைகளுக்குக் குறு ஆட்டமே போதும்.

பெற்றோரின் கவலை வேகத்தைவிடக் காயத்தைப் பற்றியதாகவே இருக்கும். முழங்கால் தசைநார் அறுந்து பிள்ளை மாதக்கணக்கில் முடங்கிவிட்டால் படிப்பும் கெடும். குடும்பத்தின் சேமிப்பும் கரையும். நார்வே நாட்டில் 13 முதல் 17 வயதுக்குட்பட்ட 1892 பெண் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வொன்று 2008-இல் வெளியாயிற்று. ஃபீஃபா அமைப்பின் மருத்துவப் பிரிவு உருவாக்கத்தில் பங்கேற்ற, '11 பிளஸ்' எனப்படும் இருபது நிமிட ஆயத்த முறையை ஒரு சாரார் பின்பற்றினர். முதலில் எட்டு நிமிடம் மெல்லோட்டம். அடுத்துப் பத்து நிமிடம் வலிமை, சமநிலை, குதிப்புப் பயிற்சிகள். இறுதி இரண்டு நிமிடம் விரைவோட்டம். அந்தப் பருவத்தில் அவர்களுக்கு நேர்ந்த காயங்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. கடுங்காயங்கள் ஏறக்குறையப் பாதி குறைவு. இம்முறையை ஒழுங்காகச் செய்து வந்தோருக்கே பலன் அதிகம் என்பதும் தெரியவந்தது. இப்பயிற்சிக்குச் சல்லிக்காசு செலவில்லை என்பதையும் கருத்திற்கொள்ளுங்கள்.

இனி, நம் பிள்ளைகள் கடைப்பிடிக்க ஏற்ற ஒழுங்கைச் சுருக்கமாகக் கூறுகிறேன். முதல் ஐந்தாறு நிமிடங்கள், தோழனுடன் பேசிக்கொண்டே ஓடக்கூடிய அளவில் மெல்ல ஓடட்டும். பிறகு கால்களை வீசுதல், முழங்காலை உயர்த்தி ஓடுதல், பக்கவாட்டில் நகர்தல் போன்ற அசைவுப் பயிற்சிகளும், ஒற்றைக் காலில் நிற்றல், குதித்து மென்மையாகத் தரையிறங்குதல் ஆகியவையும் நடைபெறட்டும். தசையை இழுத்துப் பிடித்தபடி ஒரு நிமிடத்திற்கு மேல் அசையாமல் நிற்கும் பழைய வழக்கம் அந்நேரத்துத் துள்ளலைக் குறைக்கும்; அதனை ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். இறுதியாக, மூவர் மூவராகப் பிரிந்து இரண்டு நிமிடம் விறுவிறுப்பாகப் பந்தாடுவதும், நான்கைந்து குறுகிய பாய்ச்சல்களும் போதும். இளவியர்வை அரும்பியிருக்க வேண்டும். களைப்புத் தட்டியிருக்கக் கூடாது. இதன்பின் ஐந்து நிமிடம் தண்ணீர் குடித்து, மூச்சு அமைதியடைந்ததும் களமிறங்கட்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் உடல் முன்னதாகவே சூடாக இருக்கும். அப்போது ஆயத்தத்தைச் சுருக்கி, நிழலில் செய்வதே அறிவுடைமை. நீண்ட கடும்பயிற்சியால் உடலின் உள்வெப்பத்தை ஏற்றிவிட்டு ஆடவிட்டால், பிள்ளை விரைவில் சோர்ந்துவிடுவான். ரமளான் இரவுகளில் தராவீஹ் முடிந்து விளையாடச் செல்லும் இளைஞர்களும் உண்டு. வயிறு நிறைய உண்டு, நெடுநேரம் நின்று தொழுது, உடனே முழுவேகத்தில் ஓடுவது தகாது. அவர்கள் இன்னும் மெதுவாகத் தொடங்க வேண்டும். மாற்று ஆட்டக்காரனாக ஓரத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளையையும் மறந்துவிடலாகாது. ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தவனைத் திடீரென எழுப்பி, 'ஓடு!' என்பது, பயிற்சி பெறாத குதிரையை ஐந்தாறு மைல் விரட்டுவதற்கு ஒப்பானதேயாகும். அழைப்பதற்கு முன் அவனுக்கும் சில நிமிட ஓட்டம் கொடுங்கள்.

அன்புப் பெற்றோர்களே! பிள்ளைக்கு விலையுயர்ந்த பூட்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்துவிடாது. ஒருநாள் மாலை மைதானத்திற்குச் சென்று, ஆட்டத்திற்கு முந்தைய அந்த இருபது நிமிடங்களைப் பாருங்கள். பயிற்சியாளரிடம் கனிவாக எடுத்துரையுங்கள். மஹல்லாவில் போட்டி நடத்தும் அன்பர்கள், அணிகள் ஆயத்தம் செய்ய மைதானத்தில் நேரமும் இடமும் ஒதுக்கித் தர வேண்டும். ஓர் ஆட்டம் முடிந்த மறுநொடியே அடுத்த அணியைக் களத்தில் தள்ளும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும்.

நம் பிள்ளைகளின் கால்கள் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். தொழுகையில் நிற்கவும், உழைத்து உண்ணவும், முதியோருக்கு ஓடோடி உதவவும் அவை நெடுங்காலம் தேவைப்படும். அந்த அமானிதத்தைப் பேணி நடக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.