பக்கத்துப் பிள்ளையின் முயற்சி

இணையத்தில் கல்வி கற்கும் நம் பிள்ளைகள் தனித்திருந்து கற்பதாகவே நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. இன்று பாடத்தை முடித்தவர் யார், எத்தனை புள்ளிகள் பெற்றார் என்பதைத் திரை அவர்களுக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறது. அது அவர்கள் மனத்தில் என்ன செய்கிறது என்பதைப் பெற்றோராகிய நாம் கவனிக்க வேண்டும்.

பிறர் முயல்வதைக் கண்டால் நமக்கும் முயற்சி பிறப்பது இயல்பு. மிதிவண்டியைத் தனியே ஓட்டுவோரைவிடப் பிறரோடு போட்டியிட்டு ஓட்டுவோர் விரைந்து செல்வதை அமெரிக்க உளவியலாளர் நார்மன் டிரிப்லெட் 1898ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். பக்கத்துப் பிள்ளை ஓதும் குரல் கேட்டுச் சோம்பியிருந்த பிள்ளையும் ஓதத் தொடங்குவதை நம் மக்தபுகளில் காண்கிறோம்.

ஆனால் பிள்ளை காண்பது சக மாணவரின் முயற்சியையா, எட்டாத உச்சத்தையா என்பதே கேள்வி. டாட் ரோஜர்ஸ், அவி ஃபெல்லர் என்னும் ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. இணையவழிப் பாடநெறி ஒன்றில் மாணவர்கள் ஒருவர் கட்டுரையை மற்றவர் மதிப்பிட்டனர். மிகச் சிறந்த கட்டுரைகளை மதிப்பிட நேர்ந்தவர்களே அதிகமாகப் பாதியில் விலகினர். கண்ணில் பட்ட உச்சத்தையே பொது நிலை என்று கருதி, தம்மால் ஆகாது என அவர்கள் சோர்ந்துவிட்டனர்.

மொழி கற்பிக்கும் டுவோலிங்கோ செயலி வாரந்தோறும் ஏறத்தாழ 30 பேரை ஒரு குழுவாக்கிப் புள்ளிவாரியாக வரிசைப்படுத்துகிறது. முன்னிற்போர் மேல்நிலைக்கு உயர்வர்; பின்தங்கியோர் இறங்குவர். நாள்தோறும் செயலியைத் திறக்க இது தூண்டும். ஆயினும் தெரிந்த எளிய பாடத்தையே திரும்பத் திரும்பச் செய்தும் புள்ளிகளைத் திரட்டலாம். அப்போது புள்ளி ஏறும். கல்வி நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஆகவே, "எத்தனையாவது இடம்?" என்று கேட்பதை விடுத்து, "இன்று புதிதாக என்ன கற்றாய்?" என்று கேட்போம். தன் நிலைக்கு அருகிலுள்ள இரண்டொரு தோழரோடு சேர்ந்து கற்கச் செய்வோம். ஆசிரியர்களும் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் தரவரிசையை வெளியிடுவதைத் தவிர்த்து, விடாது முயல்வோரைப் பாராட்டலாம். முதலிடம் பெறும் பிள்ளைக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை. பட்டியல் இல்லாவிட்டாலும் அவன் கற்பான். கடைசியில் தன் பெயரைக் காணும் பிள்ளையோ ஒரு நாள் ஓசையின்றிச் செயலியை மூடிவிடுவான். அவன் மூடுவது செயலியை மட்டுமன்று, கல்வியின் மீதான ஆசையையும்தான்.