பாராமல் பழிப்பது திறனாய்வாகுமா?

சென்ற கல்வியாண்டில் நம் துறைக் கருத்தரங்கிற்கு மாணவர்களிடமிருந்து கட்டுரைத் தலைப்புகளைப் பெற்றோம். சீறாப்புராணத்தில் நாட்டு வருணனை, குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களில் மெய்ப்பொருள், பாரதிதாசனும் புதுவையும் என வழக்கமான தலைப்புகளே வந்தன. அவற்றிடையே ஒரு துண்டுத்தாளில், 'ஃபாலவுட் 3: கணினி விளையாட்டு ஒன்றின் திறனாய்வு' என்று எழுதியிருந்தது. மண்ணாடிப்பட்டு கொம்யூனிலிருந்து நாள்தோறும் இரு பேருந்து மாறி, இடையில் தமிழ்நாட்டு எல்லையையும் கடந்து வகுப்பிற்கு வரும் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் அதனைத் தந்திருந்தார். நாம் சற்றும் தயங்காது சிவப்பு மையால் அதனை அடித்துவிட்டோம்.

அனைவரும் கலைந்த பின்னர் அம்மாணவர் எம்மிடம் வந்தார். "ஐயா, தாங்கள் அவ்விளையாட்டைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று பணிவோடு வினவினார். "இல்லை" என்றோம். "பாராமலே அது ஆகாது என்று எப்படி ஐயா தெரிந்தது?" என்றார். 'மூலநூலைப் படியாமல் எந்த நூலைப் பற்றியும் வாய் திறவாதீர்' என்று ஆண்டுதோறும் முதல் வகுப்பில் சொல்லிவரும் நமக்கு அக்கேள்விக்கு விடையில்லை. நான்கு சனிக்கிழமைகள் துறை அறையில் அவருடைய அண்ணனின் பழைய கணினியை வைத்து, அவர் ஆட நாம் பார்த்தோம். இக்கட்டுரை அதன் பயனாய் விளைந்தது.

தடையின் கதை

'ஃபாலவுட்' என்பது அணுகுண்டு வெடித்தபின் வானிலிருந்து இறங்கும் நச்சுச் சாம்பலைக் குறிக்கும் சொல். பெதஸ்டா என்னும் அமெரிக்க நிறுவனம் 2008-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் இறுதியில் இவ்விளையாட்டை வெளியிட்டது. அறிவியல் புனைவும் அதிரடிச் சண்டையும் கலந்த ஆக்கம் இது. ஆங்கில இதழ்களின் மதிப்பெண்களைத் தொகுத்துச் சராசரி காட்டும் மெட்டாகிரிட்டிக் என்னும் தளத்தில், எக்ஸ்பாக்ஸ் பதிப்பிற்கு நூற்றுக்கு 93 கிடைத்தது. 2009-இல் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் தாமே வழங்கும் விருதுகளில் ஆண்டின் சிறந்த விளையாட்டு, சிறந்த எழுத்து ஆகிய இரண்டும் இதற்கே கிட்டின.

உலகம் இவ்வாறு வரவேற்ற இவ்விளையாட்டை இந்தியாவிற்குக் கொண்டுவரப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2008 அக்டோபரில் அறிவித்தது. இந்நாட்டின் பண்பாட்டு உணர்வுகளை எண்ணி எடுத்த வணிக முடிவு என்பதற்குமேல் அந்நிறுவனம் விளக்கம் ஏதும் தரவில்லை. அரசு விதித்த தடையன்று இது. நிறுவனம் தானே விதித்துக்கொண்ட தடை. காரணத்தைப் பிறர் ஊகித்தனர். அவ்விளையாட்டில் கதிர்வீச்சினால் உருத்திரிந்து இரண்டு தலையோடு திரியும் பசுக்கள் உண்டு. அவற்றிற்கு 'பிராமின்' என்று பெயர். பசுவும் அப்பெயரும் சேர்ந்ததே காரணமாதல் வேண்டும் என்பது பலரது ஊகம்.

இப்பெயரின் வரலாறு சுவையானது. நம் நாட்டு ஓங்கோல், கிர் முதலிய மாட்டினங்களிலிருந்து அமெரிக்கர் தம் நாட்டில் உருவாக்கிய திமில் மாட்டினத்திற்கு 'பிரம்மன்' என்று பெயர். விளையாட்டுப் பசுவின் பெயர் அம்மாட்டினப் பெயரைத் தழுவிய சொல்விளையாட்டே என்பர். நம் தொழுவத்து மாடு கடல் கடந்து சென்று பெயர் மாறி, பின்னர்க் கற்பனையில் தலையும் ஒன்று கூடித் திரும்பி வந்தபோது நமக்கே அச்சம் தருவதாயிற்று! இதே பசுக்கள் இடம்பெற்ற 'ஃபாலவுட் 4' 2015-இல் வெளிவந்தபோது நம் நாட்டிலும் விற்பனையாயிற்று. அதனால் எவருடைய சமயத்திற்கும் குறைவு நேரவில்லை.

உள்ளே இருந்தது என்ன?

பசுவின் பெயரோடு நின்றவர்கள் கதையின் நடுப்பொருளைத் தொடவேயில்லை. அது தண்ணீர்.

2077-இல் நடந்த அணுப்போரினால் உலகம் அழிகின்றது. இருநூறு ஆண்டுகள் கழித்து, 2277-இல், வாஷிங்டன் நகரின் இடிபாடுகளில் எஞ்சிய மக்கள் நஞ்சேறிய நீரைக் குடித்து வாழ்கின்றனர். நிலத்தடிப் புகலிடம் ஒன்றில் வளரும் கதைத்தலைமகனுக்குத் தாயில்லை. அவள் மகப்பேற்றில் இறந்தவள். தந்தை ஓர் அறிவியலாளர். ஒருநாள் அவர் மகனிடமும் சொல்லாமல் வெளியேறிவிடுகிறார். தாகமுற்றோர்க்கு நீர் விலையின்றிக் கிடைக்கும் என்னும் கருத்தமைந்த விவிலிய வாசகம் ஒன்று மறைந்த தாயின் உள்ளங்கவர்ந்தது. அவ்வாசகத்தை மெய்ப்பிக்க, ஆற்றுநீர் முழுவதையும் தூய்மையாக்கும் பொறியை அமைப்பதே தாயும் தந்தையும் தொடங்கிய பணி. தந்தையைத் தேடிச் செல்லும் பிள்ளை அப்பணியை முடிக்கவேண்டும்.

வழியில் தாகத்தோடு அமர்ந்திருக்கும் இரவலர் நல்ல நீர் கேட்பர். கொடுத்தால் ஆடுபவரின் நன்மைக் கணக்கு ஏறும். கொடாமல் போகவும் உரிமையுண்டு. அக்கணக்கிற்கு அவ்விளையாட்டில் வைத்துள்ள பெயர் 'கர்மா'. இந்தியச் சொல் ஒன்று அறத்தின் அளவுகோலாக ஆட்டம் முழுவதும் உடன்வருகின்றது. பசுவின் பெயரைக் கண்டோர் இதனைக் கண்டதாகத் தெரியவில்லை.

இறுதியில் வரும் சோதனை இன்னும் கடியது. தன்னைக் குடியரசுத் தலைவர் என்று கூறிக்கொள்ளும் ஒரு கணினி, நஞ்சுப்புட்டி ஒன்றைக் கையில் தருகின்றது. அதனை நீரில் கலந்தால், கதிர்வீச்சால் உடல் திரிந்தோர் அனைவரும் மடிவர். 'தூயோர்' மட்டும் எஞ்சுவர். கலப்பதா, கலவாதிருப்பதா என்பதை ஆடுபவரே முடிவு செய்யவேண்டும். தூய்மையின் பெயரால் மனிதரை வகைபிரிப்பதன் கொடுமையை இருபது வயது இளைஞனின் கையில் ஒரு புட்டியாகத் தந்து, 'நீ என்ன செய்வாய்?' என்று இவ்வாக்கம் கேட்கின்றது. நம் மாணவர் அதனைக் கலக்கவில்லை. ஏன் என்று கேட்டோம். "நம்மில் யார் ஐயா தூயவர்?" என்றார்.

புதுவையில் வாழும் நமக்கு இக்கதை புதிதன்று. ஆயி மண்டபத்தின் கதையை அறியாதார் இங்கு யார்? விளக்கொளியில் திகழ்ந்த மாளிகையைக் கோயிலென்று மயங்கிக் கைகூப்பிய விசயநகர வேந்தர், அது கணிகை ஒருத்தியின் இல்லம் என்றறிந்து சினந்து இடிக்கச் சொன்னார் என்பதும், அவளே முன்வந்து மாளிகையை அகற்றி அவ்விடத்தில் மக்களுக்குக் குளம் வெட்டினாள் என்பதும் வழிவழி வரும் கதை. முத்திரப்பாளையத்து நீர் பின்னர்ப் பிரெஞ்சியர் காலத்தில் நகருக்கு வந்தபோது, மூன்றாம் நெப்போலியன் அவள் நினைவாக எழுப்பச் செய்ததே அம்மண்டபம் என்பர். பெயரைப் பார்த்து இழித்தோரினும் நீரைத் தந்தவள் நிலைத்தாள். தாகம் தீர்த்தலைத் தலைசிறந்த அறக்கொடைகளுள் ஒன்றாகப் போற்றும் நம் மார்க்கத்தார்க்கும் இக்கதையின் உட்பொருள் அயலானதன்று.

நம் பக்கத்தையும் பார்ப்போம்

பிறர் குறையை மட்டும் பேசி அமைதல் நேர்மையாகாது. அதே 2008 அக்டோபரில், சோனி நிறுவனம் 'லிட்டில் பிக் பிளானட்' என்னும் சிறுவர் விளையாட்டைக் கடைசி நேரத்தில் திரும்பப் பெற்றுச் சில நாள் தாமதித்து வெளியிட்டது. அதிலிருந்த ஒரு பாடலில் திருக்குர்ஆன் தொடர்கள் இரண்டு வருகின்றன என்று முஸ்லிம் ஆட்டக்காரர் ஒருவர் முறையிட்டதே காரணம். பாடலை நீக்கிய பின்னரே விளையாட்டு வெளிவந்தது. ஆனால் அதனை உருவாக்கியவர் மாலி நாட்டு இசைக்கலைஞர் தூமானி ஜபாத்தே, அவரும் முஸ்லிமே. மறைமொழியை இசையில் போற்றுவது தம் சமுதாயத்தில் இயல்பு என்று அவர் கூறினார். நிலையாமையை நினைவூட்டும் அத்தொடர்கள் இறைப்பற்றுடைய ஒருவரின் நெஞ்சிலிருந்து வந்தவை. நீக்கியதை ஏற்காத முஸ்லிம்களும் இருந்தனர்.

இவ்வாறு கூறுவதால் முறையீடு என்பதே தவறென்பது நம் கருத்தன்று. 2009-இல் வெளிவந்த 'கால் ஆஃப் டியூட்டி' வரிசை விளையாட்டொன்றில், 'ஃபவேலா' என்னும் களத்தின் குளியலறையில் மாட்டியிருந்த படச்சட்டத்தில் நபிமொழி ஒன்று எழுதப்பட்டிருந்தது. 2012-இல் முஸ்லிம் ஆட்டக்காரர்கள் அவ்விடத்தைச் சுட்டிக்காட்டினர். நிறுவனத்தார் அக்களத்தை நீக்கித் திருத்தினர். இது முறையான திறனாய்வு. ஆடியவர்களே கண்டனர், எந்த அறை, எந்தச் சுவர், எந்தச் சொல் என்று காட்டினர், திருத்தத்தக்கதைத் திருத்தச் சொன்னார்கள். முன்னைய நிகழ்ச்சியில் இருந்த அச்சம் இங்கில்லை, பார்வை இருந்தது.

தமிழிலும் இதற்குச் சான்றுண்டு. உமறுப்புலவர் சீறாப்புராணத்திற்குரிய செய்திகளை நாடிச் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களிடம் சென்றபோது, புலவரின் உடைத் தோற்றத்தைக் கண்டு அவர்கள் முதலில் மறுத்தார்கள் என்றும், பின்னர் இசைந்து உதவினார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. அம்மறுப்பு மாறாதிருந்தால் நாம் இழந்திருப்பது எத்துணைப் பெருஞ்செல்வம்! பெரியோர் மனம் மாறியதில் அவர்தம் பெருமையே விளங்குகின்றது.

நன்னூலார் கண்கொண்டு

பார்த்த பிறகு குறை சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம்; சொல்லவும் வேண்டும். நூலுக்குரிய குற்றம் பத்தினை நன்னூலார் வகுத்துள்ளார். அவ்வளவுகோல் இங்கும் செல்லும் என்பதைக் கண்டு நாமே வியந்தோம்.

கதையின் முடிவில் நீர்ப்பொறியை இயக்கக் கடுங்கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் ஒருவர் சென்று உயிர்விட வேண்டும். தலைமகனுடன் வரும் ஃபாக்ஸ் என்னும் தோழனைக் கதிர்வீச்சு தீண்டாது. முன்னர் அத்தகைய அறைக்குள் புகுந்து ஒரு பொருளை எடுத்துத் தந்தவனும் அவனே. ஆயினும் இறுதியில், 'இது உன் விதி' என்னும் கருத்துப்பட ஏதோ கூறி மறுத்துவிடுகிறான். இது மாறுகொளக் கூறல் என்னும் குற்றம். விரிந்து சென்ற கதை சட்டென்று முடிந்து, ஆட்டமும் அத்தோடு நின்றுவிடுகின்றது. இது சென்று தேய்ந்திறுதல். மேலைநாட்டுத் திறனாய்வாளர் பலரும் இம்முடிவைக் கண்டித்தனர். விளைவாக, 2009-இல் வந்த 'புரோக்கன் ஸ்டீல்' என்னும் துணைப்பகுதியில் நிறுவனத்தார் முடிவை நீட்டினர். தோழனை அனுப்பவும் வழி செய்தனர். நல்ல திறனாய்வு நூலாசிரியனைத் திருத்தும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நாம் காணும் பெருங்குறை வேறொன்று. காலத்தை நிறுத்திப் பகைவரின் உறுப்பைத் தேர்ந்து சுடவும், உடல் சிதறுவதை மெல்லக் காணவும் இதில் வழியுண்டு. தண்ணீரின் அருமையைப் பேசும் கதைக்குக் குருதியில் இத்துணை இன்பம் எதற்கு? முதல் சனிக்கிழமை நாம் முகம் திருப்பிக்கொண்டோம். நான்காம் சனிக்கிழமை திருப்பவில்லை. பழகிவிட்டோம் என்பதே நம் அச்சம். இதனைச் சிறுவர் கையில் தரலாகாது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இதனைப் பார்த்த பின்னர்ச் சொல்வதால் மாணவர் செவிசாய்த்தார். பாராமல் சொல்லியிருந்தால் நம் முதுகுக்குப்பின் நகைத்திருப்பார்.

பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை இதனோடு சேர்த்து எண்ணற்க. அவை சூது, 2025-இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி அவற்றைத் தடுத்ததை வரவேற்கிறோம். சூதினைக் கடியவும் கதையினை ஆயவும் வேறுவேறு கருவிகள் வேண்டும்.

அரங்கேற்றம்

கருத்தரங்கு நாளில் அம்மாணவர் தம் கட்டுரையைப் படித்தார். தொல்காப்பியர் அதங்கோட்டாசான் முன் நின்று வினாக்களுக்கு விடையிறுத்த மரபு நம்முடையது. அம்மரபுப்படி அவையோரை வினவச் சொன்னோம். சுல்தான்பேட்டையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். கண்டிப்பார் என்று நாம் அஞ்சியிருக்க, "தம்பி, கடைசியில் தண்ணீர் எல்லோருக்கும் கிடைத்ததா?" என்றார்.

"நீர் தூய்மையாயிற்று ஐயா. ஆனால் அதனைப் பங்கிடுவதில் சிக்கல் வந்துவிட்டது, துணைப்பகுதி முழுவதும் அதுதான் கதை" என்றார் மாணவர்.

"அப்படியானால் அது எங்கள் ஏரிப்பாசனக் கதைதான்" என்றார் பெரியவர். அவை சிரித்தது. அதன்பின் அரைமணி நேரம் நடந்த உரையாடல் போன்றதொன்றை நம் கருத்தரங்குகளில் நாம் அண்மையில் கேட்டதில்லை.

கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் அடுக்களையை மையமாகக் கொண்ட 'வெண்பா' என்னும் கணினி விளையாட்டு 2023-இல் வெளிவந்து, மறு ஆண்டு பிரித்தானிய பாஃப்டா விருதினை முதற்படைப்பு என்னும் பிரிவில் பெற்றது. பெயரே யாப்பின் பெயர். தமிழரின் கதைகள் இவ்வடிவிலும் வரத் தொடங்கிவிட்டன. அவற்றை எடைபோடத் தமிழ்த்துறைகள் ஆயத்தமாக வேண்டாமா? ஆண்டுக்கு ஓர் அமர்வேனும் இதற்கென ஒதுக்கி, மாணவர் ஆட, ஆசிரியரும் பெரியோரும் உடனிருந்து பார்த்து வினவும் வழக்கத்தை நம் துறை மேற்கொள்ள வேண்டும் என்பது நம் வேண்டுகோள். சிவப்பு மையால் அடித்த அத்துண்டுத்தாளை நாம் கிழித்தெறியவில்லை. மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டுத் தலைப்புகள் வரும்போது அது நம் கண்முன் இருக்கும்.