கம்பியைக் கழற்றினால் வண்டி மலையேறிவிடுமா?

“முன்னாடி இருக்கிற அந்த ஸ்டெபிலைசர் கம்பியக் கழட்டிக் கடாசிடு மச்சி. அப்புறம் பாரு, வண்டி வேற மாதிரி ஏறும்.”

தார் வண்டி வாங்கிய முதல் மாதத்தில் இந்த அறிவுரை காதில் விழாதவர்கள் குறைவு. லிஃப்ட் கிட்டுக்குக் காசு வேண்டும், பெரிய டயருக்குக் காசு வேண்டும், வின்ச் என்றால் கேட்கவே வேண்டாம். இதற்கு இரண்டு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும். சும்மா கிடைக்கிற வீரம் என்பதால்தான் இந்தப் பேச்சு இவ்வளவு செல்வாக்கோடு சுற்றுகிறது. கழற்றிய கம்பியை ஷெட்டில் ஒரு மூலையில் சாத்தி வைத்துவிட்டு, வருஷக்கணக்கில் அப்படியே நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால், “அது கார்க்காரனுக்கு, நமக்கெதுக்கு?” என்பார்கள்.

இந்தப் பேச்சில் உண்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. உள்ள உண்மையை முதலில் சொல்லிவிட்டே சண்டைக்கு வருகிறேன்.

ஸ்டெபிலைசர் பார் என்பது வண்டிக்குக் குறுக்கே கிடக்கிற முறுக்குக் கம்பி. நடுப்பாகம் இரண்டு புஷ்களில் சேசிஸோடு பிடித்திருக்கும். இரண்டு முனைகளும் லிங்க் ராட் வழியாக இடது, வலது சக்கரங்களோடு சேர்ந்திருக்கும். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா உருளும், வேறு வேலை இல்லை. ஒன்று ஏறி மற்றது இறங்க நினைத்தால்தான் கம்பி முறுக்கிக்கொண்டு தடுக்கும். “கழற்றியதும் ஸ்பீடு பிரேக்கரே தெரியவில்லை” என்று சொல்கிறவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார் என்பது இதிலேயே தெரிந்துவிடும். சாலை முழுக்கக் குறுக்கே போட்ட மேட்டில் அந்தக் கம்பி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

வளைவில் வண்டி சாய முயலும்போது தடுக்கிற அதே முறுக்கு, பாறைமேல் வேறு வேலை பார்க்கிறது. இடது முன்சக்கரம் பாறையில் ஏறும்போது வலது சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி மண்ணைப் பிடிக்க வேண்டும்; கம்பி அதை மேலே இழுக்கிறது. குறுக்குப் பள்ளத்தில் வண்டி, விளக்குக் கம்பத்தைக் கண்ட நாய்போல ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். டிஃபரன்ஷியல் லாக் இல்லாத வண்டி என்றால் தூக்கிய சக்கரம் காற்றில் சுற்றும், மற்றது அசையாது. அந்த இடத்தில் கம்பியின் இணைப்பை விடுவித்தால் சக்கரம் கீழே இறங்கும், நான்கு டயரும் எடையைப் பகிர்ந்துகொள்ளும், வண்டியின் உடலும் அவ்வளவாக ஆடாது. இது கண்கூடு. இதை நான் மறுக்கவில்லை.

நான் மறுப்பது, ‘அந்த இடத்தில்’ என்பது ‘எப்போதும்’ என்று மாறிப்போனதை.

கரடுமுரடான பாதைக்கென்றே வண்டி கட்டிப் பிழைக்கிறவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2005 மாடல் டாட்ஜ் பவர் வேகனிலும் 2007 மாடல் ஜீப் ரேங்லர் ரூபிகானிலும் பொத்தானை அமுக்கினால் முன் ஸ்டெபிலைசர் பார் விடுபடுகிற ஏற்பாடு வந்தது. பார் நடுவில் இரண்டு துண்டு. இணைத்து வைத்திருக்கிற கிளட்ச்சை ஒரு மின்மோட்டார் விலக்கும். இதே ரூபிகானில் வேகம் மணிக்கு சுமார் 29 கிலோமீட்டரைத் தாண்டினால், ஓட்டுநர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வண்டி தானே பாரை இணைத்துக்கொள்கிறது. ‘பாறையில் ஊர்வதற்கு மட்டும்தான்’ என்று கட்டியவர்களே கடிவாளம் போட்டிருக்கிறார்கள். நிசான் பேட்ரோலில் அதற்கு முன்பே பின்பக்க பாரை விடுவிக்கும் வசதி இருந்தது. டொயோட்டா, லேண்ட் குரூசரில் இரண்டு பார்களையும் ஹைட்ராலிக் குழாயால் பிணைத்து, தேவைப்படும்போது தானாகத் தளர்கிற கேடிஎஸ்எஸ் முறையைக் கொண்டுவந்தது. 2021-ல் திரும்ப வந்த ஃபோர்டு பிராங்கோவில் சக்கரம் முறுக்கிக்கொண்டு நிற்கும்போதே விடுவிக்கலாம். இத்தனை மூளையும் பணமும் செலவானது கம்பியைக் கழற்றுவதற்கு அல்ல. கழற்றுவதற்கு ஸ்பேனர் போதுமே! திரும்ப இணைப்பதற்குத்தான் அவ்வளவு பாடு.

இங்கே எதிர்க்கட்சிக்காரர் ஒரு துருப்புச் சீட்டை இறக்குவார்: “தாத்தா காலத்து வில்லிஸ் ஜீப்பில் இந்தக் கம்பி இருந்ததா? கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றிப் போகிற பழைய ஜீப்பெல்லாம் எதை நம்பிப் போகிறது?”

நல்ல கேள்வி. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் அந்தப் பாறைப் பாதையில் ஓடும் ஜீப்புகள், விடியற்காலை இருட்டில் வண்டி நிறையச் சுற்றுலாக்காரர்களோடு முதல் கியரிலேயே முனகிக்கொண்டு ஏறும். அவற்றின் கீழே இருப்பது லீஃப் ஸ்பிரிங், நம்முடைய பிளேட் கட்டு. விறைப்பான அந்தத் தகடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து, வண்டி சாய்வதைத் தாமே தடுக்கும். முதுகெலும்பை உடைக்கிற அந்த விறைப்புதான் அவற்றின் ஸ்டெபிலைசர். ஜீப் ரேங்லர் 1997 மாடலில் காயில் ஸ்பிரிங்குக்கு மாறியது. காயில் மென்மையானது, நீளமாக வேலை செய்யும், சொகுசு தரும். சாய்வதை அவ்வளவாகத் தடுக்காது. அந்தக் குறையைச் சுமப்பது பார். மென்மையான காயிலையும் வைத்துக்கொண்டு, அதற்குத் துணையாக வந்த கம்பியையும் கழற்றிவிட்டு, தாத்தா ஜீப்பை உதாரணம் காட்டுவது பொருந்தாது. காயிலோடு, பார் இல்லாமல் வந்த வண்டியும் உண்டு: 1970-ல் வந்த முதல் ரேஞ்ச் ரோவர். காட்டில் அருமையாகப் போகும், வளைவில் படகுபோலச் சாய்வதற்குப் பேர்போனது. பின்னாளில் அவர்களே அதற்கு பார் சேர்த்தார்கள்.

அடுத்தது, எல்லா வண்டியும் ரேங்லர் என்று நினைத்துக்கொள்வது. இணையத்தில் வருகிற படங்கள் பெரும்பாலும் யூட்டா மாநிலத்து மோவாப் பாறைகளிலோ, கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதையிலோ எடுத்தவை. ஒரு சக்கரம் ஃபெண்டருக்குள் புதைந்திருக்கும், எதிர்ச்சக்கரம் ஒன்றரை முழம் கீழே தொங்கும். ரேங்லருக்கு முன்னாலும் முழு ஆக்சில். ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கத்தை அந்த ஆக்சிலே கீழே அமுக்கும். 2020-க்குப் பிந்தைய தாரில் முன்பக்கம் டபுள் விஷ்போன், இரண்டு சக்கரமும் தனித்தனி. சக்கரம் எவ்வளவு இறங்கும் என்பதை அந்தக் கைகளின் நீளமும், பால் ஜாயிண்ட்டும், டிரைவ் ஷாஃப்ட்டின் சிவி ஜாயிண்ட் தாங்குகிற கோணமும்தான் முடிவு செய்கின்றன. கம்பியைக் கழற்றினால் கொஞ்சம் தாராளமாக அசையும், அவ்வளவுதான். ரேங்லர் படம் கிடைக்காது. பின்னால் டிஃபரன்ஷியல் லாக் உள்ள தார் என்றால், ஒரு சக்கரம் தூக்கினாலும் மற்றது தள்ளிக்கொண்டு போய்விடும். கிடைக்கிற லாபம் இன்னும் சுருங்குகிறது.

மாருதி ஜிம்னியின் கதை வேறு. முன்னும் பின்னும் முழு ஆக்சில், காயில் ஸ்பிரிங். முன் பாரை விடுவித்தால் உண்மையிலேயே பலன் தெரியும். ஆனாலும் ஆக்சிலைப் பிடித்திருக்கிற ரேடியஸ் ஆர்ம்களின் ரப்பர் புஷ்கள் தாமே முறுக்கிக்கொண்டு ஓர் அளவுக்கு மேல் விடாது. கம்பி போனதும் கால் நான்கும் ரப்பராக நீளும் என்ற கனவை அந்த புஷ்கள் கலைத்துவிடும்.

இனி ரோட்டுக்கு வருவோம். முன்பக்கத்து பாரைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்தை அப்படியே விட்டால் வண்டி அதிகமாகச் சாயும் என்பது மட்டும்தான் பலருக்குத் தெரியும். “சாஞ்சா சாயட்டும், மெதுவாப் போறேன்” என்பது அவர்கள் பதில். வண்டியின் குணமே மாறிப்போவது அவர்களுக்குத் தெரியாது. வளைவில் சாய்வைத் தடுக்கும் வேலையை முன்னும் பின்னும் ஒரு விகிதத்தில் பங்கு போட்டுத்தான் கம்பெனி அனுப்புகிறது. கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்காகக் கூடும்: 25 மில்லிமீட்டர் கம்பியை 28 ஆக்கினால் விறைப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். மூன்று மில்லிமீட்டருக்கே இந்தப் பாடு என்றால், முழுக் கம்பியையும் எடுத்தால்? முன்பக்கம் கைவிட்ட பங்கு பின்பக்கத்து வெளிச்சக்கரத்தின் தலையில் விழும். முன்பு நழுவ வேண்டிய கட்டத்தில் முன்பக்கம் முதலில் நழுவும். ஸ்டீயரிங்கில் தெரியும், காலை எடுப்பீர்கள். இப்போது பின்பக்கம் முந்திக்கொண்டு வீசும். வண்டி திரும்பி நிற்கும்வரை சேதி வராது.

கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். 70 கொண்டை ஊசி வளைவு. மேலே காட்டுப் பாதையில் விளையாடிவிட்டு மாலையில் இறங்குகிறீர்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை ஏற்கெனவே முன்னால் வந்து, பின்பக்கம் லேசாகிக் கிடக்கும். கூரையில் கேரியர், அதன்மேல் கூடாரம், ஜெர்ரி கேன். எதிரே பஸ் வந்து சட்டென்று ஒடிக்கிறீர்கள். ‘மெதுவாப் போறேன்’ என்ற சபதம் இந்த இடத்தில் உதவாது. அவசர ஒடிப்பு வேகத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வண்டி நழுவாமல் பிடிக்கிற இஎஸ்பி காப்பாற்றும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கம்பி மாட்டிய வண்டிக்கு ஏற்றபடி அளந்து வைத்த இஎஸ்பி அது.

காட்டுக்குள்ளும் எப்போதும் கழற்றி வைப்பது சரியல்ல. பக்கவாட்டுச் சரிவில் குறுக்கே போகும்போது, கம்பி இல்லாத வண்டியின் உடல் பள்ளத்துப் பக்கமாக இன்னும் சாயும். கவிழ்வதற்கு எவ்வளவு பாக்கி என்பது அங்கே அங்குலக் கணக்கு.

ஆகவே, பூட்டுப் பின்னை உருவினால் கம்பியை விடுவிக்கிற லிங்க் ராட் வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். ஜிம்னிக்காரர்களுக்கும் ரேங்லர்க்காரர்களுக்கும் நான் தடை சொல்லவில்லை. ஆனால் மாட்டுகிற விதத்திலேயே பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். லிஃப்ட் போட்ட வண்டியில் பழைய நீளத்து லிங்க்கையே வைத்தால் கம்பியின் கைகள் கீழ்நோக்கி இழுபட்டு நிற்கும். வண்டி தன் எடையில் சமதரையில் நிற்கும்போது அந்தக் கைகள் ஏறத்தாழ தரைக்கு இணையாக வர வேண்டும். லிங்க்கின் நீளத்தை அதற்குத்தான் சரி செய்ய வேண்டும். கோணம் தவறினால் சக்கரம் முழுக்க இறங்கும்போது கம்பி மறுபுறம் புரண்டு மாட்டிக்கொள்ளும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கவே கூடாது. தரையில் நிற்க வைத்துத்தான் கடைசி இறுக்கு. இல்லையென்றால் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும்.

மாட்டி முடித்ததும் காட்டுக்கு ஓடாதீர்கள். வொர்க்‌ஷாப்பிலேயே ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, மற்றதைத் தொங்கவிட்டுப் பாருங்கள். பிரேக் ஹோஸ் விறைத்துக்கொண்டு நிற்கிறதா? ஏபிஎஸ் ஒயர் இழுபடுகிறதா? காயில் அதன் இருக்கையை விட்டுக் கிளம்புகிறதா? இத்தனை நாள் அவ்வளவு தூரம் போகாத சக்கரம் இப்போது போகிறது. ஏறுகிற பக்கம் டயர் ஃபெண்டரில் இடித்தால் பம்ப் ஸ்டாப்பை நீட்ட வேண்டும். இதைப் பார்க்காமல் போய், ஹோஸ் பிய்ந்து, பிரேக் ஆயில் முழுக்கப் பாறையில் வடிந்தபின் சாமியைக் கும்பிடுவதில் பயனில்லை.

விடுவித்த கம்பியை அப்படியே தொங்கவிடுவதும் ஒரு கெட்ட பழக்கம். அது டயர்மேல் உரசும், டை ராட்டில் சிக்கும். மேலே தூக்கி சேசிஸில் பட்டை போட்டுக் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் ஜிப் டை, பாறை அதிர்ச்சியில் அறுந்துபோகும். ஸ்டீயரிங் திரும்பாமல் நின்றபிறகுதான் தெரியும்.

கழற்றுவதை விட மாட்டுவதற்குத்தான் இடம் பார்க்க வேண்டும். இரண்டு முன்சக்கரமும் சமமாக நிற்கிற தட்டையான தரை வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் பின்னும் துளையும் நேருக்கு நேர் வராது. அப்படி வராதபோது சுத்தியலை எடுப்பவர்கள் உண்டு. தேவையில்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் கொஞ்சம் அசைத்தாலே வண்டி லேசாக ஆடி, துளை தானாக நேராகும். பின்னில் ஒட்டிய சேற்றைத் துடைத்து, கிரீஸ் தடவி, உள்ளே தள்ளி, கிளிப்பை மாட்டி, கையால் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆர் வடிவக் கிளிப் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது, புல்லில் விழுந்தால் கிடைக்காது. உதிரியாக நான்கு வாங்கி டேஷ்போர்டுப் பெட்டியில் போட்டு வையுங்கள்.