பஸ் தாழ்ந்து கொடுக்கும் அந்த 7 சென்டிமீட்டர்



ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் எங்கள் பையன்களின் மேசையில் உதைபந்தாட்டப் பேச்சு குறைந்துவிட்டது. இப்போது பேச்செல்லாம் பஸ்ஸைப் பற்றித்தான். லேலண்டின் ஹார்ன் சரியாக இருக்கிறதா, முன்கண்ணாடிக்கு மேலே ஊர்ப்பெயர் எந்த எழுத்தில் வரவேண்டும் என்று வாதம் நடக்கிறது. "என்ன பிள்ளை, வாங்கப் போகிறீர்களா?" என்று ஒரு பெரியப்பா கேட்டார். வாங்குவதற்கில்லை, வாகனம் ஓட்டும் கணினி விளையாட்டுக்குள் தாங்களே ஒரு பஸ்ஸைச் செய்து சேர்க்கிறார்கள்.

பெற்றோருக்காகச் சிறு விளக்கம். இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017இல் 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்ற கைத்தொலைபேசி விளையாட்டை வெளியிட்டது. விளையாடுபவர் பஸ்ஸுக்குத் தானே நிறம் தீட்டலாம். தானே வடிவமைத்த வாகனத்தையும் உள்ளே சேர்க்கலாம். அந்த வாசல் திறந்ததும் தமிழ்நாட்டு இளைஞர்கள் தங்கள் அரசுப் பேருந்துகளையும் ஆம்னி பஸ்களையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். இலங்கைப் பிள்ளைகளும் விடவில்லை. சிவப்பு நிற இ.போ.ச. பஸ்கள் இந்தோனேசியத் தெருக்களில் ஓடுகின்றன.

ஜேர்மனியிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2011இல் வந்த 'ஓம்சி' என்ற பஸ் விளையாட்டை உருவாக்கியவர்கள் இரண்டே பேர். பெர்லினின் ஸ்பண்டாவ் பகுதியில் 1980களில் ஓடிய 92ஆம் இலக்கப் பாதையையும், அதில் ஓடிய மான் நிறுவனத்தின் இரட்டைத் தட்டு பஸ்களையும் அவர்கள் அப்படியே செய்து வைத்தார்கள். சாரதி ரிக்கெற் கொடுத்து, மீதிக் காசும் எண்ணிக் கொடுக்க வேண்டும். முரட்டுத்தனமாக ஓட்டினால் பயணிகள் குறை சொல்வார்கள். அந்த இருவரும் வாகனக் கோப்புகளை மற்றவர்களும் எழுதக்கூடிய விதத்தில் திறந்து வைத்தபடியால், இன்றுவரை புதிய பஸ்கள் அதில் சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

இனி உங்களிடம் வருகிறேன். நீங்கள் காட்டிய பஸ்கள் அழகாக இருக்கின்றன. நிறம், எழுத்து, விளக்கு எல்லாம் நன்றாகவே வந்திருக்கின்றன. ஆனால் ஒரு தாதியின் கண்ணுக்கு அந்த பஸ்களில் ஏறப் போகிறவர்கள்தான் முதலில் தெரிகிறார்கள். முழங்கால் சத்திரசிகிச்சை முடித்து வீட்டுக்குப் போகும் பாட்டி, பிள்ளை வண்டியோடு வரும் தாய், சக்கர நாற்காலியில் வரும் மாணவர். உண்மையான பஸ்ஸில் உள்ள பல நுணுக்கங்கள் இவர்களுக்காகவே வந்தவை.

லூயிசன்பிளாட்சில் ஹேயாக் மொபிலோவின் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். பஸ் நின்றதும் 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். வாசல் பக்கம் மெல்லச் சரிந்து தாழும். சக்கரங்களுக்கு மேலே இரும்பு வில்லுக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் இருக்கின்றன. சாரதி பொத்தானை அழுத்தினால் வாசல் பக்கப் பைகளிலிருந்து காற்று வெளியேறி, பஸ் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் தாழும். ஜேர்மன்காரர் இதை 'நீலிங்' என்பார்கள், முழங்காலிடுதல் என்று பொருள். இளம் கால்களுக்கு 7 சென்டிமீட்டர் ஒன்றுமில்லை. இடுப்பு எலும்பு முறிந்து குணமாகி வருபவருக்கோ, தனியாக ஏறுவதும் இன்னொருவர் கையைத் தேடுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது.

தரிப்பிடத்தின் ஓரக்கல்லையும் பாருங்கள். நம்முடைய ஹெசன் மாநிலத்துக் காசல் நகரின் பெயரால் வழங்கும் ஒரு சிறப்புக் கல் இருக்கிறது. சாதாரண ஓரக்கல்லை விட உயரமானது, சக்கரத்தின் பக்கம் வளைவாகச் செதுக்கப்பட்டது. ரயர் அதில் உரசினாலும் கிழியாது. வழுக்கிக்கொண்டு நேராக நிற்கும். அதனால் சாரதி பயமில்லாமல் கல்லோடு ஒட்டி நிறுத்தலாம். பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் இடையில் கால் மாட்டும் இடைவெளி குறைகிறது. அப்படியென்றால் உங்கள் விளையாட்டில் பஸ் தாழ்வது மட்டும் போதாது. அது கல்லோடு ஒட்டி நிற்கவும் வேண்டும்.

இன்னும் இரண்டு நுணுக்கங்களைச் சொல்கிறேன். கதவு திறந்திருக்கும்வரை தரிப்பிடத் தடுப்பு பிடித்துக்கொண்டிருக்கும். சாரதி மிதித்தாலும் பஸ் நகராது. நடுக்கதவுக்குப் பக்கத்தில் பிள்ளை வண்டிப் படம் போட்ட பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் கதவு தானாக மூடிக்கொள்ளாது. சாரதிதான் பார்த்து மூட வேண்டும். பல பிள்ளைகள் அந்தப் பொத்தானைப் படமாக ஒட்டிவிடுகிறார்கள், அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. அதை வேலை செய்ய வைப்பவருக்குத்தான் நான் கை தட்டுவேன்.

எங்கள் தொழிலிலும் இப்படி ஒரு பொம்மை இருக்கிறது. நோர்வேயில் ஆஸ்முண்ட் லேர்டால் என்பவர் பிள்ளைகளுக்குப் பொம்மைகளும் மென்மையான பிளாஸ்ரிக் கார்களும் செய்து விற்றவர். மருத்துவர்கள் கேட்டதன்பேரில், மூச்சு நின்றவரைக் காப்பாற்றப் பழகுவதற்காக அவர் செய்த ஆளுயரப் பொம்மை 1960இல் வெளிவந்தது. உலகமெங்கும் தாதிகளும் முதலுதவி மாணவர்களும் அந்த 'ஆன்' பொம்மையில்தான் பழகுகிறார்கள். அவளுடைய தோல் அசல் தோல் மாதிரி இல்லை, தலைமுடியும் அப்படித்தான். ஆனால் தலையைச் சரியாகப் பின்னால் சாய்த்தால்தான் காற்று உள்ளே போகும். நெஞ்சை 5 முதல் 6 சென்டிமீட்டர் வரை அழுத்தும்போது கைக்குக் கிடைக்கும் எதிர்ப்பு மனித நெஞ்சைப் போல் இருக்கும். எந்த நுணுக்கம் உயிரோடு சம்பந்தப்பட்டதோ, அதை அந்தப் பொம்மை வியாபாரி முதலில் செய்தார்.

உங்கள் பஸ்ஸுக்கும் அதே வரிசையைச் சொல்வேன். முதலில் தடுப்பு. நின்றுகொண்டு பயணம் செய்யும் முதியவர் சடுதியான தடுப்பில் விழுந்தால், ஒரு நொடி வேலை பல மாதப் படுக்கையாக முடியலாம். ஆகவே மிதியை மெல்ல அழுத்தினால் மெல்லவும், முழுதாக அழுத்தினால் கடுமையாகவும் நிற்கும்படி எண்களைத் திருத்துங்கள். அடுத்தது கதவு, அதன் பின் தாழ்வு, அதன் பின் சத்தம். நிறமும் ஹார்னும் கடைசியில் வரட்டும். அவற்றை எப்படியும் செய்யத்தான் போகிறீர்கள்!

செய்யும் வழியில் சில ஒழுங்குகள் உண்டு. அளவும் சத்தமும் எடுக்க வேண்டுமென்றால் கடைசித் தரிப்பிடத்தில் பஸ் ஓய்வாக நிற்கும்போது சாரதியிடம் கேளுங்கள். ஓடும்போது அவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம். பயணிகளின் முகம் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வடிவமைக்க 'பிளெண்டர்' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. களவாக எதையும் இறக்கத் தேவையில்லை. இன்னொருவர் செய்த சக்கரத்தையோ கதவையோ எடுத்துப் பொருத்துவதானால், முதலில் அனுமதி கேளுங்கள், பிறகு அவர் பெயரை எழுதுங்கள். பெயரை அழித்துவிட்டு 'நான் செய்தது' என்று போடுவது, ஒருவன் மாதக்கணக்கில் விழித்திருந்து பார்த்த வேலையை எடுத்துக்கொள்வதாகும். வேலை செய்தவனுக்குச் சேரவேண்டியதைக் கொடுக்க நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லித் தந்திருக்கிறார்கள்.

பெற்றோரே, நேர அளவை நீங்கள்தான் வைக்க வேண்டும்; அதில் நான் பிள்ளைகளின் பக்கம் பேச மாட்டேன். ஆனால் "எத்தனை மணித்தியாலம் இருந்தாய்?" என்று கேட்கும்போது "இன்று எதைச் சேர்த்தாய், அது பஸ்ஸில் எதற்காக இருக்கிறது?" என்றும் கேளுங்கள். காற்றுப் பையையும் தடுப்பையும் பற்றி மகனோ மகளோ விளக்கத் தொடங்கினால், அந்த நேரம் வீணாகவில்லை என்று உங்களுக்கே தெரியும்.

தம்பி தங்கைகளே, இந்த வாரம் பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் மூன்று நுணுக்கங்களைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொன்றும் யாருக்காக வைக்கப்பட்டது என்று பக்கத்தில் எழுதுங்கள். விடை தெரியாவிட்டால் உங்கள் அம்மம்மாவை அதே பஸ்ஸில் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். அவர் எந்தக் கம்பியைப் பிடிக்கிறார், எங்கே தயங்குகிறார் என்று கவனியுங்கள். அடுத்து எதைச் செய்ய வேண்டுமென்று தெரிந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் தாதி அக்கா