கண்ணாடியைக் கழற்றும் அவசரம்

ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்குப் போகிறவருக்குக் கண்ணாடி இல்லாமலே முழுப் பார்வை இருக்க வேண்டும். அதே விதி இன்னொன்றும் சொல்கிறது. பார்வைக் குறையைச் சரிசெய்ய லேசிக் என்னும் லேசர் சிகிச்சையோ வேறு அறுவை சிகிச்சையோ செய்துகொண்டவர் இந்தப் பதவிக்குத் தகுதியற்றவர். அறிவிக்கையின் உள்பக்கத்தில் கிடக்கும் இந்த வரி கண்ணில் படாமல், மருத்துவத் தேர்வில் எப்படியாவது தேறிவிட வேண்டுமென்று கடன் வாங்கி லேசர் செய்துகொள்ளும் இளைஞர், எந்த வேலைக்காக அதைச் செய்தாரோ அந்த வேலையையே இழந்து நிற்பார். செதுக்கி எடுத்த கருவிழியை யாராலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

லேசர் பார்வைத் திருத்தத்தை எதிர்ப்பது நம் நோக்கம் இல்லை. அதன் வேரில் நம்மவர் ஒருவரின் உழைப்பும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா சென்ற ரங்கசாமி சீனிவாசன், ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருடன் 1981இல் ஒரு சோதனை செய்தார். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மீது எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சியபோது, சுற்றியிருந்த திசு கருகாமல், பட்ட இடம் மட்டும் துல்லியமாகச் செதுக்கப்பட்டது. பின்னாளில் கருவிழியைச் செதுக்கும் சிகிச்சை வளர்ந்தது அந்தக் கண்டுபிடிப்பிலிருந்துதான். தகுதியான கண்ணில், தேர்ந்த கையால் செய்யப்படும்போது பெரும்பாலோருக்கு அது நல்ல பலனைத் தருகிறது.

நம்மைக் கவலைப்பட வைப்பது அந்தச் சிகிச்சை இன்று விற்கப்படும் விதம். ‘பத்தே நிமிடம், வலியில்லை, மறுநாளே வேலைக்குப் போகலாம்’ என்கின்றன விளம்பரங்கள். பண்டிகைத் தள்ளுபடி, மாதத் தவணை என்று ஜவுளிக்கடைப் பேச்சு கண் மருத்துவத்துக்குள் வந்துவிட்டது. வரன் பார்க்கத் தொடங்கும் முன் பெண்ணின் கண்ணாடியை எடுத்துவிட வேண்டும் என்று துடிக்கும் வீடுகள் இந்தப் பேச்சுக்கு எளிதில் மயங்குகின்றன. மருத்துவர்கள் நேராகவோ மறைமுகமாகவோ நோயாளிகளைத் தம் பக்கம் அழைக்கக் கூடாது என்கிறது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குவிதி. மருத்துவமனையின் பெயரில் வரும் விளம்பரங்களோ தடையின்றி ஓடிக்கொண்டிருக்கின்றன.

விளம்பரம் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. நம் கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், அதாவது சராசரியாக 540 மைக்ரான் தடிமன் கொண்டது. லேசிக்கில் முதலில் 100 முதல் 120 மைக்ரான் தடிமனில் ஒரு மடலை வெட்டித் தூக்குகிறார்கள். பிறகு, குறைக்க வேண்டிய ஒவ்வொரு பவருக்கும் ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான் வரை லேசர் செதுக்குகிறது. மடலுக்குக் கீழே குறைந்தது 250 மைக்ரானாவது மிஞ்ச வேண்டும். 300 இல்லாமல் தொடமாட்டேன் என்னும் மருத்துவர்களும் உண்டு. மைனஸ் எட்டு பவர் உள்ள ஒருவருக்கு மடலும் செதுக்கலும் சேர்ந்து 220 மைக்ரானை விழுங்கிவிடும். 540 உள்ள கண் அதைத் தாங்கும். அதே பவரோடு 480 மட்டுமே உள்ள கண் விளிம்பில் வந்து நிற்கும். இருவருக்கும் ஒரே ‘பேக்கேஜ்’ எப்படிப் பொருந்தும்?

தடிமன் போதுமானதாக இருந்தாலும் வடிவம் சரியாக இருக்க வேண்டும். கெரட்டோகோனஸ் என்ற கோளாறில் கருவிழி மெல்ல மெலிந்து கூம்புபோல் முன்னே தள்ளும். ஒவ்வாமையால் ஓயாமல் கண்ணைக் கசக்குபவர்களிடமும், வீட்டில் வேறு யாருக்காவது இக்கோளாறு இருப்பவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. ஆண்டுக்கு ஆண்டு சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போவது இதன் அறிகுறியாக இருக்கலாம். தொடக்க நிலையில் சாதாரணக் கண் பரிசோதனையில் இது பிடிபடாது. கருவிழியின் முன்புறத்தையும் பின்புறத்தையும் வரைபடமாகக் காட்டும் டோபோகிராபி, டோமோகிராபி சோதனைகளில்தான் தெரியும். அதைக் கவனிக்காமல் லேசர் செய்தால் பலவீனமான கருவிழி மேலும் பிதுங்கத் தொடங்கும். அதன் பிறகு கருவிழியை உறுதிப்படுத்தும் கொலாஜன் கிராஸ்லிங்கிங் சிகிச்சை, தனி வகைக் கான்டாக்ட் லென்ஸ், முற்றினால் கண் தானத்தில் கிடைக்கும் கருவிழிக்கான காத்திருப்பு. கண்ணாடி வேண்டாம் என்று போனவருக்கு, கண்ணாடி போட்டாலும் தெளியாத பார்வை மிஞ்சும். மடல் வெட்டாத ‘ஸ்மைல்’ முறையில் கண் உலர்வு குறைவு என்பது உண்மைதான். ஆனால் அதிலும் கருவிழியிலிருந்து திசு எடுக்கப்படுகிறது என்பதால் இந்த எச்சரிக்கை அதற்கும் உண்டு.

எல்லாம் சரியாக நடந்த கண்களில்கூடத் தொல்லை வருவது அபூர்வமில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. லேசிக் பற்றி நடத்திய ‘பிரவுல்’ ஆய்வுகளில், 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் பார்வையில் நிறைவு என்றார்கள். அதே ஆய்வுகளில், முன்பு எந்தக் காட்சித் தொல்லையும் இல்லாதவர்களில் 46 விழுக்காடு வரை, மூன்று மாதம் கழித்து விளக்கைச் சுற்றி ஒளிவட்டம், கண்கூச்சம் போன்ற ஏதேனும் ஒன்றைப் புதிதாகச் சொன்னார்கள். உலர்வே இல்லாதிருந்தவர்களில் 28 விழுக்காடு வரை உலர்வு அறிகுறிகளோடு இருந்தார்கள். அன்றாட வேலையே சிரமமாகும் அளவுக்குப் பாதிக்கப்பட்டவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இரவில் லாரி ஓட்டுபவருக்கும், குளிரூட்டிய அறையில் நாளெல்லாம் கணினியைப் பார்ப்பவருக்கும் இந்த எண்கள் வேறு வேறு பொருள் தரும். மருத்துவமனையின் கவுன்சலர் முதல் எண்ணை மட்டும் சொல்லி நிறுத்தினால், அவர் தகவலைப் பாதியில் மறைக்கிறார்.

கண்ணாடி போனால் கிட்டப்பார்வை நோயும் போய்விட்டது என்று நினைப்பவர்கள் ஏராளம். லேசர் கருவிழியின் வளைவை மாற்றுகிறது, அவ்வளவே. நீண்டுபோன கண் அப்படியேதான் இருக்கும். விழித்திரை கிழிந்து விலகும் ஆபத்தும் கிளாக்கோமா ஆபத்தும் முன்போலவே தொடரும். மெலிந்த கருவிழியில் கண் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், லேசர் செய்துகொண்டதை எந்தக் கண் மருத்துவரிடமும் மறைக்கக் கூடாது. நாற்பதை நெருங்கும்போது வெள்ளெழுத்தும் வரும்.

வயதான காலத்தில் கண்புரை வந்தால் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. லேசர் பட்ட கண்ணுக்கு எந்த பவரில் லென்ஸ் வைப்பது என்று கணிப்பது கடினம். அறுவைக்கு முந்தைய அளவுகள் கையில் இருந்தால் அது மருத்துவருக்குப் பெரும் உதவி. ஆனால் 2002ஆம் ஆண்டு விதிப்படி, உள்நோயாளிகளின் பதிவேடுகளைக்கூட மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். இருபத்து நான்கு வயதில் லேசர் செய்துகொண்டவருக்கு அறுபதில் புரை வரும்போது அந்தத் தாள் எங்கே இருக்கும்? கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டைத் தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. யாரும் கேட்பதில்லை.

சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், முக்கிய ஆபத்துகள் ஆகியவற்றை விளக்கிய பிறகு பெறுவதே உண்மையான ஒப்புதல் என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறுவை அரங்கின் வாசலில், ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது அந்தத் தீர்ப்புக்குச் செய்யும் மரியாதையா? ஒப்புதல் படிவம் தமிழில், அறுவைக்குச் சில நாள் முன்பே நோயாளியின் கையில் இருக்க வேண்டும். கருவிழி வரைபடமும் தடிமன் கணக்கும் கோரிக்கை இல்லாமலே தரப்பட வேண்டும். இதைத் தமிழ்நாடு சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும். தள்ளுபடி விளம்பரங்களையும் நிறுத்த வேண்டும்.

லேசருக்கு நாள் குறித்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதினெட்டு வயது நிறைந்திருக்கிறதா, கடந்த ஓராண்டில் பவர் அரைக்கு மேல் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தள்ளிப்போடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் மென் லென்ஸை இரண்டு வாரம் முன்பும், கடின லென்ஸை மூன்று, நான்கு வாரம் முன்பும் கழற்றிவிட்ட பிறகே அளவெடுக்கச் செல்லுங்கள். உங்கள் கண்ணைத் தொடப்போகும் மருத்துவரிடமே நேரில் உட்கார்ந்து, ‘செய்த பிறகு என் கருவிழியில் எத்தனை மைக்ரான் மிஞ்சும்?’ என்று கேளுங்கள். ‘உங்கள் கண்ணுக்கு இது ஒத்துவராது’ என்று சொல்லி ஒரு மருத்துவர் திருப்பி அனுப்பினால், ஒத்துவரும் என்று சொல்லும் இன்னொருவரைத் தேடி அலையாதீர்கள். அந்த வரைபடமும் அளவுகளும் உங்கள் கைக்கு வராமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.