விடை தெரியாத கேள்விக்கும் புள்ளி வேண்டும்

விஞ்ஞானக் கண்காட்சி என்று அறிவித்தல் வந்ததும் எங்கள் பாடசாலைகளில் முதலில் நடப்பது ரெஜிபோம் வாங்கக் கடைக்கு ஓடுவதுதான். அடுத்தது, கொமியூனிகேஷன் கடையில் பத்துப் பக்கம் அச்செடுப்பது. கண்காட்சிக்கு முந்தின இரவு வாப்பாவோ நானாவோ உட்கார்ந்து வயர் சுற்றுவார்கள். உம்மா பிறிஸ்டல் போட்டில் அழகாக எல்லை கீறித் தருவார். மறுநாள் சூரியத் தொகுதி சுற்றும், எரிமலை பொங்கும், நீர்த்தாங்கி நிரம்பியதும் மணி அடிக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தங்கைமாரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அப்பச்சோடாவில் வினாகிரியை ஊற்றினால் பொங்கும் என்பது, ஊற்றுகிறவருக்கும் தெரியும், பார்க்க வந்தவருக்கும் தெரியும், புள்ளி போடுகிறவருக்கும் தெரியும். அப்படியானால் அங்கே யார் எதைக் கண்டுபிடிக்கிறார்கள்?

செயற்றிட்டங்கள் மாணவரின் சிந்தனைத் திறனை வளர்க்கும் என்று மேடைகளில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். எந்தச் செயற்றிட்டம் வளர்க்கும், எது வளர்க்காது என்று பிரித்துச் சொல்பவர்கள் குறைவு. என் கருத்தில் அந்தக் கோடு மிகத் தெளிவானது. செய்து முடிக்கும்வரை விடை தெரியாத ஒரு கேள்வியோடு அது தொடங்கியதா, இல்லையா? தொடங்கவில்லை என்றால் அது கைவேலை. கைவேலையும் நல்லதுதான், அதற்கு வேறு பாடம் இருக்கிறது.

தரம் 10 இல் நாங்கள் நான்கு பேர் செய்த செயற்றிட்டத்தின் கேள்வி பாடப்புத்தகத்திலிருந்து வரவில்லை. எங்கள் வீட்டுக்கு மேலே உள்ள லயத்திலிருந்து கொழுந்தெடுக்கப் போகும் ஓர் அக்கா கேட்டது அது. "சயன்ஸ் படிக்கிறீங்களே பாப்பா, ஒரு கிலோ கொழுந்துல மழைத்தண்ணி எவ்வளவு நிக்கும்னு சொல்லுங்க பாப்போம்!" தோட்டப் பழக்கம் தெரியாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். மலையிலிருந்து இறக்கிய கொழுந்தை நிறுக்கும்போது, தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கொஞ்சம் எடையைக் கழிப்பார்கள். எவ்வளவு என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். கழித்தபின் கணக்குக் குறைந்தால் அன்றைய முழுப்பேர் அரைப்பேராகிவிடும். ஆகவே அக்கா கேட்டது வெறும் பொது அறிவுக் கேள்வி அல்ல.

எங்கள் உபகரணங்கள் வாப்பாவின் கடைத் தராசு, ஒரு பூவாளி, பக்கத்துச் சிறுதோட்டத்தில் வாங்கிய கொழுந்து. கொழுந்தை நிறுப்பது, நனைப்பது, மறுபடி நிறுப்பது. ஒரு மாலை நேர வேலை என்றுதான் தோன்றும். ஆனால் முதல் நாளே 'ஈரக் கொழுந்து' என்ற சொல் எங்கள் கையில் உடைந்து பல துண்டானது. உதறியபின் நிறுப்பதா, உதறாமலா? இரண்டு இலையும் மொட்டுமான இளங்கொழுந்தா, முற்றிய இலையா? நனைத்த உடனேயா, சாக்கில் தொங்கவிட்டு அரை மணித்தியாலம் வடிந்த பிறகா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எண் வந்தது. பூவாளித் தண்ணீரும் மழையும் ஒன்றா என்று ஒருத்தி கேட்டாள். அதற்குப் பிறகு உண்மையான மழையில் நனைந்த கொழுந்தையும் நிறுத்தோம். எங்கள் பக்கத்தில் மழைக்குக் காத்திருப்பது ஒன்றும் பெரிய சிரமமில்லை!

இந்த இடத்தில்தான் குழுவுக்குள் சண்டை வந்தது. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்து ஒரே எண்ணாக எழுதிவிடலாம், பார்க்கவும் சுத்தமாக இருக்கும் என்றாள் ஒரு தோழி. மற்றவள் விடவில்லை. "வித்தியாசப்படுகிறது என்பதுதானே எங்களுக்குக் கிடைத்த விடை, அதை ஏன் மறைக்க வேண்டும்?" என்றாள். நாங்கள் எழுதப்போகும் எண்ணைப் போன்ற ஓர் எண்தான் ஒவ்வொரு மாலையும் ஒருவருடைய சம்பளத்தைத் தொடுகிறது என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. கடைசியில் மிகக் குறைந்ததையும் மிகக் கூடியதையும், ஒவ்வொன்றும் எந்த நிலையில் வந்தது என்பதோடு சேர்த்து எழுதினோம். சராசரி என்ற சொல்லை நான் அதற்கு முன்பு எத்தனையோ கணக்குகளில் செய்திருக்கிறேன். அது எதை விழுங்கிக்கொள்ளும் என்று யோசித்தது அந்த மாலையில்தான்.

இன்னும் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க நனைக்காத கொழுந்தையும் ஒரு சாக்கில் வைத்திருந்தோம். பாடத்தில் படித்த கட்டுப்பாட்டுப் பரிசோதனை அது. அந்தச் சாக்கும் சும்மா இருக்கவில்லை. வெயில் நாளில் நேரம் போகப் போக எடை குறைந்துகொண்டே வந்தது. காரணம் கடினமானதல்ல. பச்சைக் கொழுந்தில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் நீர். பறித்த கணத்திலிருந்து அது காற்றுக்குப் போகத் தொடங்கும். தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டுவதும் இதே நீரை வெளியேற்றத்தான். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்தில் ஒரு கிலோ தேயிலைத் தூள்தான் கிடைக்கிறது. இதை அந்த அக்காவிடம் சொன்னபோது அவர் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. "அப்ப வெயிலடிக்கிற அன்னைக்கு எங்களுக்குக் கூட்டில்ல போடணும்?"

எங்கள் செயற்றிட்டத்தில் மிகச் சிறந்த கேள்வியைக் கேட்டவர் பாடசாலையை எட்டாம் வகுப்போடு விட்டவர். அதை நாங்கள் அறிக்கையில் எழுதினோம். கண்காட்சியில் பார்க்க வந்தவர்கள் "முடிவு என்ன?" என்று கேட்டார்கள். "நிலைமையைப் பொறுத்தது" என்றோம். பக்கத்து மேசையில் எரிமலை பொங்கியது. கூட்டமும் அங்கே போனது. பரிசு கிடைக்காதது எனக்குக் கவலையில்லை. ஆனால் "நிலைமையைப் பொறுத்தது" என்பது விடையே இல்லை என்பதுபோல எல்லோரும் நடந்துகொண்டது இன்னும் உறுத்துகிறது.

ஏனென்றால், திட்டவட்டமான மருந்து எதையும் தராத ஓர் ஆராய்ச்சியின் கதை இந்த மலைகளுக்கே சொந்தம். தேயிலைக்கு முன்பு இங்கே கோப்பி இருந்தது. 1869 இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. அந்தப் பங்கசுக்கு வைத்த பெயர் ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ். இரண்டாவது சொல்லுக்கு நாசம் செய்வது என்று பொருள். மண் களைத்துவிட்டது, காலநிலை கெட்டுவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1880 இல், ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் பூசித் தோட்டங்களில் தொங்கவிட்டார். பிறகு அவற்றை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தார். அந்தப் பங்கசின் வித்திகள் அதில் ஒட்டியிருந்தன. நோய் காற்றில் வருகிறது! இலையில் விழுந்த வித்தி, ஒரு துளி ஈரம் கிடைத்ததும் முளைத்து, இலைவாய் வழியாக உள்ளே புகுவதையும் படிப்படியாகக் காட்டினார்.

கண்ணாடி, கிளிசரின், காற்று. எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் இன்றைக்கும் இருக்கும் பொருட்கள்.

ஆனால் வார்ட்டால் மருந்து கொடுக்க முடியவில்லை. மலை மலையாக இடைவெளியில்லாமல் ஒரே பயிரை நட்டதுதான் நோய்க்கு வழி திறந்தது என்று சொன்னார். தோட்டக்காரர்கள் எதிர்பார்த்து நின்றது ஒரு மருந்தை. சுமார் இரண்டு வருடங்களில் அவர் திரும்பிப் போனார், கோப்பியும் போனது. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. (மறுபடியும் மலை மலையாக ஒரே பயிர்! 1946 இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்துசேர்ந்தது.) வார்ட்டை எங்கள் கண்காட்சி மேசைக்கு முன்னால் நிறுத்தி "முடிவு என்ன?" என்று கேட்டிருந்தால் அவருக்கும் பரிசு கிடைத்திராது. தாவர நோயியல் வரலாற்றில் அவருக்கு உள்ள இடம் எல்லோரும் அறிந்ததே.

இந்த வகைச் சிந்தனை பரீட்சைக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்கள் 2021 ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதி நாடு முழுவதற்கும் ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அந்த முடிவு கைவிடப்பட்டது. சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்று இங்கே வாதிட நான் வரவில்லை. சில மலைகளில் நிறுத்தி, சில மலைகளில் தொடர்ந்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இடம் வைக்காமல் செய்ததுதான் என் கேள்வி. 2021 இல் 300 மில்லியன் கிலோவை ஒட்டியிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022 இல் ஏறத்தாழ 250 மில்லியன் கிலோவுக்கு இறங்கியது. இதைக் காட்டி "பாருங்கள், தடையின் விளைவு!" என்று ஒரே வாயில் சொல்லிவிடவும் முடியாது. 2022 எரிபொருள் வரிசையின் வருடம், மின்வெட்டின் வருடம், உரத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போன வருடம். பல மாறிகள் ஒன்றாக மாறிவிட்டால் எது எவ்வளவு செய்தது என்று பிரிக்க இயலாது. தரம் 10 மாணவி ஒருத்தி அறிக்கையில் எழுதவேண்டிய வாக்கியம் இது. இதன் விலையை லயங்களில் இருந்தவர்கள் கொடுத்தார்கள்.

நம் சமூகத்து மேடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேச்சுப் போட்டி என்றால் இப்னுல் ஹைதமின் பெயர் வராமல் இருக்காது. ஒளியியலில் அவர் எழுதிய கிதாபுல் மனாழிரைப் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். அதே அறிஞர், தனக்கு எண்ணூறு வருடங்களுக்கு மேல் முந்திய தொலமியின் கருத்துகளில் தனக்குள்ள ஐயங்களைத் தொகுத்தே தனியாக ஒரு நூல் எழுதினார் என்பதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பெயரை எடுத்துக்கொண்டு ஐயத்தை அங்கேயே விட்டுவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

உயர்தரத்துக்கு வந்தபின் இதற்கெல்லாம் நேரமேது என்று என் தோழிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வெள்ளி இரவும் சனி ஞாயிறும் டியூசனுக்குப் போய்விடுகின்றன. பழைய வினாத்தாள்களைச் செய்யாமல் பல்கலைக்கழகக் கனவு காண முடியாது. வினாத்தாளை நான் பழிக்கவில்லை. ஆனால் ஐந்து விடைகளில் ஒன்று நிச்சயமாகச் சரி என்று தெரிந்துகொண்டு யோசிப்பது ஒரு வகை. சரியான விடை அந்த ஐந்துக்குள் இருக்கிறதா என்றே தெரியாமல் யோசிப்பது இன்னொரு வகை. இரண்டாவதைப் பழக தரம் 6 முதல் 10 வரைதான் எங்களுக்குக் காலம் இருக்கிறது. அந்தக் காலத்தை ரெஜிபோம் தின்றுவிடுகிறது.

பெற்றோரிடம் கேட்பது ஒன்றே ஒன்று. பிள்ளையின் மாதிரியைச் செய்து கொடுக்காதீர்கள், காசு கொடுத்துச் செய்விக்கவும் வேண்டாம். கோணலாகவே இருக்கட்டும். அதற்குப் பதிலாக, வீட்டில் தராசையும் அளவுநாடாவையும் பிள்ளை எடுக்கும்போது "விளையாடாதே" என்று வாங்கி வைக்காதிருந்தால் போதும். ஆசிரியைகளிடமும் பணிவாக ஒரு வேண்டுகோள். மேசையில் மாதிரிக்குப் பக்கத்தில், அல்லது மாதிரிக்குப் பதிலாக, குழுவின் குறிப்பேட்டை வைக்கச் சொல்லுங்கள். வெட்டுகளோடும் கறைகளோடும் அப்படியே. நடுவர்கள் முதலில் அதைத் திறக்கட்டும். "உங்களால் எதைக் கண்டுபிடிக்க முடியவில்லை?" என்று கேட்டு, அதற்கும் புள்ளி போடட்டும். கல்விச் சுற்றுலா என்றால் கிரகரி வாவிக்கும் ஹக்கலைப் பூங்காவுக்கும்தான் பஸ் போகிறது. அந்தப் பாதையில் தலவாக்கலையில் 1925 இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அனுமதி கேட்டுப் பார்க்கலாமே.

கேள்விகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஒன்றைத் தங்கைமாருக்காகச் சொல்லி வைக்கிறேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை எங்கள் வீடுகளில் இன்னும் பேசுகிறார்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழையைத் தாண்டினால் சரிவுகளில் இருப்பவர்கள் விழிப்பாக இருக்கவேண்டும், 100 ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 என்றால் வெளியேறிவிட வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. ஆனால் மழைமானி இருப்பது நகரத்தில். லயம் இருப்பது மலையின் மறுபக்கத்தில். இரண்டு இடத்திலும் ஒரே மழையா பெய்கிறது? ஒரு பெரிய சோடாப் போத்தலின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகி, அடியிலுள்ள வளைவைக் கல்லாலும் தண்ணீராலும் நிரப்பிப் பூச்சியக் கோடு போட்டால், ஓர் அடிமட்டத்தால் மழையை அளந்துவிடலாம். போத்தல் அகலமாக இருந்தால் மழை கூடுதலாகக் காட்டுமா என்பதைச் செய்யத் தொடங்குமுன் குழுவுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஐந்து சரிவில் ஐந்து வீடு, தினமும் காலை ஒரே நேரம், ஒரு குறிப்பேடு. வெற்றுப் போத்தல்கள் வாப்பாவின் கடையில் நிறைய இருக்கின்றன.