சீனி வரி இருக்கட்டும், கண் படம் எடுத்தாச்சா?

கடந்த 2025 ஜனவரியில் இனிப்பு பானங்களுக்கான கலால் வரி லிட்டருக்கு 40 சென் உயர்ந்தது. அதையொட்டி சீனியைப் பற்றிய பேச்சு நாடு முழுக்கக் கேட்டது. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் "தே தாரேக், சீனி கொறச்சு போடு" என்று சொல்வோர் இப்போது அதிகம். நல்ல மாற்றம்தான். ஆனால் இனிமேல் குடிக்கப் போகும் சீனியைப் பற்றிப் பேசும் நாம், இத்தனை ஆண்டுகளாக உடம்பில் ஏறிய சீனி கண்ணுக்குள் என்ன செய்து வைத்திருக்கிறது என்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

கணக்கைப் பார்ப்போம். சுகாதார அமைச்சின் 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. அவர்களில் ஐவரில் இருவருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. 2019 ஆய்வில் இந்தியர்களின் விகிதம் 31.4 விழுக்காடு. அதாவது மூன்று பேரில் கிட்டத்தட்ட ஒருவர். நம் வீட்டு விருந்தில் ஒரு மேசைக்கு எத்தனை பேர் மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிட உட்காருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே இந்தக் கணக்கு புரியும்.

2014 தேசிய கண் ஆய்வு, 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் பார்வையிழப்புக்கான காரணங்களைப் பட்டியலிட்டது. முதலிடம் கண்புரைக்கு. இரண்டாவது இடத்தில், 10.4 விழுக்காட்டுடன், நீரிழிவு விழித்திரை நோய் இருந்தது. கண்புரையால் போன பார்வையை அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் மீட்டுவிடலாம். விழித்திரை நோயால் போன பார்வையை அப்படி முழுதாக மீட்க முடிவதில்லை. அதனால்தான் அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கண்டுபிடிக்கும் கருவியும் இருக்கிறது. வலி கிடையாது, கத்தி கிடையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

கண்ணின் நடுப்பகுதி

கண்ணின் பின்சுவரில் படர்ந்திருக்கும் மெல்லிய திரைதான் விழித்திரை. அதன் நடுவில் சுமார் 5 மில்லிமீட்டர் அகலமே உள்ள பகுதியை மாக்குலா என்பார்கள். பேருந்து எண், மருந்துச் சீட்டு, பேரப்பிள்ளையின் முகம், ஊசியில் நூல் கோப்பது, எல்லாமே இந்தச் சிறிய இடத்தின் வேலை.

பல ஆண்டுகள் சர்க்கரை கூடுதலாக இருந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பலவீனமாகிக் கசியும். அந்த நீர் மாக்குலாவில் தேங்கினால் அது வீங்கும். இதுதான் நீரிழிவு மாக்குலா வீக்கம். வலி இருக்காது, கண் சிவக்காது. வீக்கம் மையத்தைத் தொடும் வரை பார்வைகூட நன்றாகவே இருக்கலாம். ஒரு கண் மங்கினாலும் மறு கண் ஈடுகட்டிவிடும். "எனக்குக் கண் நல்லாத்தான் தெரியுது" என்று நம்மவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அது நோய் இல்லை என்பதற்கான சான்றும் அல்ல.

இரண்டு வகைப் படம்

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் நீரிழிவு நோயாளிகளுக்கு எடுக்கும் கண் படம் பெரும்பாலும் ஃபண்டஸ் கேமரா என்ற கருவியில் எடுக்கப்படுவது. இது விழித்திரையின் மேற்பரப்பை வண்ணப் படமாகக் காட்டும். சிறு இரத்தப் புள்ளிகள், மஞ்சள் நிறக் கொழுப்புப் படிவுகள், புதிதாக முளைத்த இரத்தக் குழாய்கள் ஆகியவை இதில் தெரியும். நோய் இருக்கிறதா இல்லையா என்று ஏராளமானவர்களைச் சலித்துப் பார்க்க இது நல்ல கருவி.

ஆனால் வீக்கம் என்பது தடிப்பு சம்பந்தப்பட்ட விஷயம். மேலிருந்து எடுத்த படத்தை வைத்துக் குளத்தின் ஆழத்தைச் சொல்ல முடியாது. மாக்குலா அருகே மஞ்சள் படிவு தெரிந்தால் வீக்கம் இருக்கலாம் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். அந்த ஊகம் இரு பக்கமும் தவறலாம். வீக்கமே இல்லாதவர் பெரிய மருத்துவமனைக்கு அலைவார், வீக்கம் உள்ளவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

ஆழத்தைக் காட்டுவது ஓ.சி.டி. என்ற கருவி. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையை ஸ்கேன் கருவி ஒலியால் பார்ப்பதுபோல, இது ஒளியால் பார்க்கிறது. கண்ணுக்கு அரிதாகவே தெரியும் அகச்சிவப்புக் கதிர் விழித்திரையின் ஒவ்வொரு அடுக்கிலும் பட்டுத் திரும்புவதை அளந்து, கேக்கை வெட்டினால் தெரியும் அடுக்குகளைப்போல ஒரு குறுக்குவெட்டுப் படத்தைத் தருகிறது. தாடையைத் தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் குறியைச் சில விநாடிகள் அசையாமல் பார்த்தால் போதும். எதுவும் கண்ணைத் தொடாது. மாக்குலாவின் நடுவில் தடிப்பு சாதாரணமாகக் கால் மில்லிமீட்டர் அளவில் இருக்கும். நீர் தேங்கினால் அந்த எண் ஏறும், தேங்கிய இடம் கருப்புக் குமிழாகப் படத்தில் தெரியும்.

முன்பு கசிவைப் பார்க்கக் கை நரம்பில் சாயம் ஏற்றிப் படம் எடுப்பதே வழி. சிலருக்குக் குமட்டல் வரும், அரிதாகக் கடுமையான ஒவ்வாமையும் வரும். இன்றும் தேவைப்படும்போது அது செய்யப்படுகிறது. ஆனால் வீக்கம் இருக்கிறதா, கூடியதா, குறைந்ததா என்று பார்க்க ஓ.சி.டி. போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த குழு 1991இல் வெளியிட்ட ஆய்வில் தொடங்கியது இது. இதை உருவாக்கிய ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ, டேவிட் ஹுவாங், எரிக் சுவான்சன் மூவருக்கும் 2023இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

"புரை முத்தட்டும்" என்று காத்திருப்பவர்கள்

நம்மிடையே ஒரு பழக்கம் உண்டு. ஐம்பதைத் தாண்டியவருக்குப் பார்வை மங்கினால், அது புரைதான் என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுவோம். "முத்தினதும் ஆப்பரேஷன் பண்ணிக்கலாம்" என்று ஓரிரு ஆண்டுகள் ஓடிவிடும். நீரிழிவு உள்ளவருக்குப் புரையும் மாக்குலா வீக்கமும் ஒன்றாகவே இருக்கலாம். புரையை எடுத்த பிறகும் பார்வை தெளியவில்லையே என்று டாக்டரைக் குறை சொல்பவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் பின்னால் இருந்த மாக்குலாதான். புரை அறுவைக்கு முன் ஓ.சி.டி. எடுத்துப் பார்த்தால் இது பல சமயம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஒரு படம் போதாது

மாக்குலா வீக்கத்துக்கு ஒரு காலத்தில் லேசர் மட்டுமே மருத்துவம். பார்வை மேலும் குறையும் அபாயத்தை அது ஏறத்தாழ பாதியாக்கியது என்று 1985இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் போன பார்வையை அது பெரும்பாலும் திருப்பித் தரவில்லை. இன்று கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகள் வந்துவிட்டன. கண்ணை மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் போடுவார்கள். பலருக்கு இழந்த பார்வையில் ஒரு பகுதி திரும்புகிறது.

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. மூன்று மருந்துகளை ஒப்பிட்டு 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நோயாளிகள் முதல் ஆண்டில் பொதுவாக 9 அல்லது 10 ஊசி போட்டுக்கொண்டார்கள். இரண்டாம் ஆண்டில் அது 5, 6 ஆகக் குறைந்தது. அடுத்த ஊசி வேண்டுமா, இடைவெளி விடலாமா என்பதைப் பார்வைச் சோதனையோடு ஓ.சி.டி. படத்தையும் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். போன முறை எடுத்த படத்தை இந்த முறை எடுத்த படத்தோடு ஒப்பிட்டால்தான் நோய் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். இரண்டு ஊசி போட்டதும் கண் தெளிகிறது, "சரியாப் போச்சு" என்று நின்றுவிட்டால் நீர் மறுபடியும் தேங்கலாம். பார்வையில் அது தெரிவதற்கு முன்பே படத்தில் தெரிந்திருக்கும். ஆனால் படம் எடுக்க ஆள் வந்திருக்க வேண்டுமே!

எங்கே அறுந்துபோகிறது

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். காசு காரணமில்லை என்று தோன்றும். ஆனால் கேமரா கிளினிக்கில் இருக்கிறது, ஓ.சி.டி.யும் ஊசியும் கண் நிபுணர் இருக்கும் மருத்துவமனையில் இருக்கின்றன. தோட்டத்தில் இருப்பவருக்கு அது வாடகைக் கார் தூரம். தோட்டத்தை விட்டு வெளியேறிப் பட்டண ஓரத்து அடுக்குமாடிகளில் குடியேறி, பாதுகாவலராகவும் துப்புரவுப் பணியாளராகவும் நாள் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு ஒரு நாள் கூலி. கண்ணில் சொட்டு விட்டால் சில மணி நேரம் பார்வை கூசும், மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. அதனால் மகனோ மகளோ கூட வர வேண்டும். ஆக, ஒரு சந்திப்புக்கு இரண்டு பேரின் சம்பளம். இதை ஆண்டுக்குப் பத்து முறை செய்ய வேண்டும். வராமல் போனவரை "அக்கறை இல்லாதவர்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம்.

கருவியை மட்டும் வாங்கி வைத்தால் இது தீராது என்பதற்கு அண்டை நாடான தாய்லாந்து பாடம். அங்கே 11 கிளினிக்குகளில் கண் படங்களைப் படிக்கும் கூகுளின் செயற்கை நுண்ணறிவைச் சோதித்தார்கள். வெளிச்சம் சரியில்லாதது போன்ற காரணங்களால், எடுத்த 1,838 படங்களில் 21 விழுக்காட்டைக் கணினி ஏற்க மறுத்தது. ஏற்கப்படாத படத்துக்குரியவர், கண்ணில் நோய் இல்லாவிட்டாலும், இன்னொரு நாள் வேலையை விட்டுவிட்டு வேறு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது.

முறையாகச் செய்தால் பலன் உண்டு என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. நீரிழிவு உள்ள எல்லாரையும் பெயர்ப்பட்டியல் வைத்து அழைத்து, கண் படம் எடுக்கும் திட்டம் அங்கே 2003இல் தொடங்கியது. 2009-2010 பதிவுகளை ஆராய்ந்தபோது, வேலை செய்யும் வயதினரின் பார்வையிழப்புக்கு நீரிழிவுக் கண்நோய் முதல் காரணமாக இல்லை. குறைந்தது 50 ஆண்டுகளில் அதுவே முதன்முறை. சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஆனால் வராதவரைத் தேடிக் கூப்பிடும் ஏற்பாடு அங்கே இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

யார் என்ன செய்யலாம்

அமைச்சிடம் கேட்க வேண்டியது இதுதான்: இரத்தச் சோதனைக்கு வரும் அதே நாளில் கண் படமும் எடுக்க வேண்டும். நிபுணரிடம் அனுப்பப்பட்டவர் உண்மையில் போனாரா என்று கிளினிக் திரும்பக் கேட்க வேண்டும். நிபுணர் இல்லாத மாவட்டங்களுக்கு நடமாடும் ஓ.சி.டி. வர வேண்டும்.

முதலாளிகளும் தொழிலாளர்களும் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று: 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி, மருத்துவச் சான்றிதழ் இருந்தால், பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஊசி போடும் நாளில் சான்றிதழைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

கோயில்களும் இயக்கங்களும் நடத்தும் இலவசக் கண் முகாம்களில் பெரும்பாலும் கண்ணாடிதான் கொடுக்கிறோம். கண்ணாடி மாக்குலாவைக் காப்பாற்றாது. அடுத்த முகாமில் ஒரு கேமராவுக்கு ஏற்பாடு செய்யலாம். மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்களை மாதம் ஒரு முறை ஒரே வேனில் அழைத்துச் செல்லலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். அப்பா அம்மாவின் கிளினிக் புத்தகத்தைத் திறந்து, கடைசியாகக் கண் படம் எடுத்த தேதியைப் பாருங்கள். ஓராண்டு தாண்டியிருந்தால் அடுத்த முறை கேளுங்கள். "மாக்குலாவில் ஏதாவது இருக்கா? ஓ.சி.டி. தேவையா? அடுத்த படம் எப்போ?" இந்த மூன்று கேள்வி போதும். இடையில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மறு கண்ணால். நேர்க்கம்பி வளைந்து தெரிந்தாலோ நடுவில் மங்கினாலோ அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம், உடனே அழைத்துப் போங்கள். கம்பி நேராகத் தெரிந்தாலும் ஆண்டுப் படத்தைத் தவிர்க்க வேண்டாம்.

தே தாரேக்கில் சீனியைக் குறைத்தது நல்லதுதான். அப்படியே அந்தப் புத்தகத்தையும் இன்றிரவு ஒரு முறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.